மஞ்சள் ஆணையம் நடுங்கிய மத்தியானம்

கொலைப் படத்தை ரோமில் மஞ்சள் என்போம். ஒரு காலத்தில் மலிவுப் பதிப்புக் கொலை நாவல்களுக்கு மஞ்சள் அட்டை போட்டு விற்றார்கள். அட்டை கிழிந்து போனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அப்படிப்பட்ட படங்களைக் கண்காணிக்கத்தான் தேசிய மஞ்சள் தரநிர்ணய ஆணையம் என்று ஒன்று இருந்தது. நான் அதில் இடி மின்னல் பிரிவில் வேலை பார்த்தேன். பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், நானும் ஒரு குடை ஸ்டாண்டும்தான்.

ஆணையம் பிறந்த கதை சுருக்கமானது. ஒரு மந்திரி குடும்பத்தோடு மஞ்சள் படம் பார்க்கப் போனார். பாதியில் தூங்கிவிட்டார். கொலை நடந்தபோது எல்லாரும் அலற, திடுக்கிட்டு விழித்து, பிஸ்தா ஐஸ்கிரீமை மடியில் கொட்டிக்கொண்டார். மறுநாளே நாடாளுமன்றத்தில் எழுந்து, “குடிமகன் எந்த நிமிஷத்துல பயப்படணும்னு அரசாங்கம் முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?” என்று கேட்டார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு மாடிக் கட்டடம் ஒன்று ஒதுக்கப்பட்டது.

மஞ்சள் படத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை ஆணையம் வகுத்தது. கருப்புத் தோல் கையுறை போட்ட ஒரு கை. அலமாரியிலிருந்து பாயும் பூனை, அதற்குப் பிறகு “சே, பூனைதானா” என்பதுபோல ஒரு பெருமூச்சு. எடுத்தால் மூச்சு மட்டும் கேட்கிற தொலைபேசி. அவசரத்துக்குக் கிளம்பாத கார். குளியலறைக் கண்ணாடியை மூடும்போது பின்னால் தெரிகிற முகம். பயந்தவள் வாசலுக்கு ஓடாமல் மாடிக்கு ஓடுவது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு, ஒரு தலைவர், ஒரு முத்திரை. ஒவ்வொரு பிரிவும் தன்னுடைய காட்சியை மட்டும் கத்தரித்து வாங்கிப் பார்க்கும். பூனைப் பிரிவு பூனையைப் பார்க்கும், கண்ணாடிப் பிரிவு கண்ணாடியைப் பார்க்கும். முழுப் படத்தை எங்கள் கட்டடத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. அந்தக் காட்சிகளில் யாரும் வாய் திறந்து பேசவும் மாட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

அந்தக் கட்டடத்துக்குள்தான் நெஸ்தோரே பம்பினெல்லா ஒரு நாள் தகர டப்பாக்களைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தான். பேதி மாத்திரை விளம்பரங்கள் எடுத்துப் பிழைத்தவன். இது அவனுடைய முதல் படம். ஆளைப் பார்த்தால் ஒரு புறாகூடப் பயப்படாது. அவன் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அவன் “இன்னைக்கு…” என்று ஆரம்பித்தால் அவன் மனைவி லொரேதானா “மழை வரும், தெரியும்” என்று முடித்துவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரு வாக்கியத்தையும் முழுசாகச் சொன்னதில்லை. தான் என்ன சொல்லப் போகிறோம் என்று ஒரு ஜீவனாவது ஒரு தடவையாவது காத்திருக்க வேண்டும், அதற்காகத்தான் படம் எடுத்ததாக என்னிடம் சொன்னான். சொல்லும்போது அவன் கண் கலங்கியது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கதை இதுதான். ஒரு புருஷன் பெண்டாட்டியைத் தீர்த்துக்கட்ட சர்க்கரைக் கிண்ணத்தில் விஷம் கலக்கிறான். அதை நாம் பார்த்துவிடுகிறோம். அப்போது வாசல் மணி அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மாமியார், மச்சினன், பாதிரியார் எல்லாரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார்கள். சாப்பாடு முடிகிறது. காபி வருகிறது. கிண்ணம் கைக்குக் கை போகிறது. புருஷன் வாயைத் திறக்க முடியாது. படத்தின் பெயர், ‘எத்தனை கரண்டி?’

லொரேதானா இந்தக் கதையைப் பாதி கேட்டதுமே விழுந்து விழுந்து சிரித்தாளாம். “நல்ல யோசனைதான் நெஸ்தோ. ஆனா நம்ம வீட்டுல சர்க்கரைக் கிண்ணம் எங்க இருக்குன்னே உனக்குத் தெரியாதே!”

பணம் போட்டவர் ஸான்தே கிகோனி. ரோமுக்குப் பக்கத்து ஊரான அரிச்சாவில் முழுப் பன்றியை வறுத்து வெட்டி விற்கிற கடைக்காரர். பன்றியில் எதையும் வீணாக்காதவர், படச்சுருளிலும் அப்படித்தான். “வெள்ளிக்கிழமைக்குள்ள ஆணையத்து முத்திரை விழுந்தா படம். விழலேன்னா டப்பாவோட உருக்குறவன்கிட்டக் குடுத்துடுவேன். ஃபிலிமுக்குள்ள வெள்ளி இருக்காமே!” என்று சொல்லி அனுப்பியிருந்தார். நெகட்டிவையும் அவரே பூட்டி வைத்திருந்தார். இரண்டையும் சேர்த்து உருக்கினால் நெஸ்தோரேவின் வாழ்க்கையில் மிச்சம் பேதி மாத்திரைதான்.

முதலில் பூனைப் பிரிவுக்குப் போனான். அதிகாரி ஆணென்றால் டொத்தோரே, பெண்ணென்றால் டொத்தோரெஸ்ஸா என்று அழைப்பது எங்கள் ஊர் மரியாதை. தலைவி சிஞ்ஞோரா ஃபுல்வியா, அதாவது ஃபுல்வியா அம்மையார், மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“பூனை எங்க?”

“படத்துல பூனை இல்லீங்க, டொத்தோரெஸ்ஸா.”

“அப்ப ஜனங்க எதுக்குக் குதிப்பாங்க?”

“விஷம் இருக்குங்களே.”

“விஷம் பாயுமா?”

“பாயாதுங்க. கிண்ணத்துல இருக்கும்.”

“அலமாரியில இருந்து கிண்ணம் பாய்ஞ்சா நான் யோசிக்கிறேன். சும்மா மேசை மேல உக்காந்திருக்கிற பொருளுக்கெல்லாம் முத்திரை போட்டா நாளைக்கு நாற்காலி கேக்கும்.”

கையுறைப் பிரிவில், கொலைகாரன் கருப்புக் கையுறை போட்டுத்தான் காபி ஊற்ற வேண்டும் என்றார்கள். மாமியாருக்குச் சந்தேகம் வராதா என்று கேட்டான் நெஸ்தோரே. கையுறை போட்டவனைப் படத்துக்குள் இருக்கிற யாரும் சந்தேகிக்கக் கூடாது, அது விதி என்றார்கள். தொலைபேசிப் பிரிவில் இன்னும் சிக்கல். படத்தில் தொலைபேசியில் மாமியார் பேசுகிறாள் என்றான் நெஸ்தோரே.

“மூச்சு மட்டும் விடச் சொல்லுங்க.”

“அந்தம்மாவ நிறுத்த என்னால முடியாதுங்க. நிஜமாவே என் மாமியாருங்க அவங்க.”

மாடிப்படிப் பிரிவில், வீடு தரைத்தளத்தில் இருப்பதாகச் சொன்னதற்கே ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கார் பிரிவில் மட்டும் நல்ல மனிதர் ஒருவர் இருந்தார், உபால்தோ என்று பெயர்.

“கிளம்பாத கார் இருக்கா?”

“யாருமே கார் எடுக்கலீங்க. எல்லாரும் நடந்துதான் வராங்க.”

“வாசல்ல ஏதாவது கார் நிக்குதா?”

“நிக்குதுங்க. பக்கத்து வீட்டுக்காரருது.”

“கடைசி வரைக்கும் கிளம்புதா?”

“இல்லீங்க.”

“அப்புறம் என்ன!” என்று ஓங்கி ஒரு முத்திரை குத்தினார். அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த ஒரே முத்திரை. கடைசியாக என்னிடம் வந்தான். இடி இல்லை, மின்னல் இல்லை, நல்ல வெயில் என்று உண்மையைச் சொன்னான். எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் பிடித்ததற்கெல்லாம் முத்திரை குத்த முடியாதே.

ஆணையத் தலைவர் டொத்தோர் அமில்காரே ஸ்பகாத்தோ அவனை மேல் மாடிக்கு அழைத்தார். உட்காரச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். அங்கிருந்தே பேசினார்.

“பம்பினெல்லா, திகில்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும், இன்னொருத்தருக்குத் தெரியாம இருக்கணும். உங்க மனு எந்த மேசையில இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. பாருங்க, உங்க நெத்தி வேர்க்குது! அடுத்தது தாமதம். கதவைத் திறக்கப் போறவன் உடனே திறந்துட்டா என்ன இருக்கு? நான் இந்த நாற்காலிக்கு வந்ததுல இருந்து எந்தக் கதவையும் உடனே திறந்ததில்ல. அப்புறம் தப்பான ஆள் மேல சந்தேகம். ஒரு கோப்பு காணாமப் போனா மொதல்ல காவல்காரனைத்தான் சந்தேகப்படுவோம். அவன் எடுத்திருக்க மாட்டான்னு எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் மரபுன்னு ஒண்ணு இருக்குல்ல. உங்க படத்துல இதெல்லாம் எங்க? ஒரு கிண்ணத்த வெச்சுக்கிட்டுப் பயமுறுத்த வந்துட்டீங்க!”

“கிண்ணத்துல விஷம் இருக்கிறது பாக்குறவங்களுக்குத் தெரியும், டொத்தோரே. குடிக்கிறவங்களுக்குத்தான்…”

“குறுக்க பேசாதீங்க. நான் திகில விளக்கிட்டிருக்கேன்.”

விதிப்படி மூன்று பிரிவுகளுக்கு மேல் முத்திரை மறுத்தால் ஆணையம் முழுதும் கூடி முழுப் படத்தையும் பார்த்து நிராகரிக்க வேண்டும். இதுவரை அப்படி ஒரு அவசியம் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு என்று முடிவானது.

இங்கேதான் நெஸ்தோரே மாட்டிக்கொண்டான். எங்கள் ஊரில் படம் எடுக்கும்போது நடிகர்கள் வசனம் பேசி நேரத்தை வீணாக்க மாட்டார்கள். குரலைப் பிறகு வேறு யாராவது கொடுத்துக்கொள்வார்கள். வாய் அசைந்தால் போதும் என்பதால் கேமராவுக்கு முன்னால் எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். காதலைச் சொல்லப் பதினேழு வரை போதும், குடும்பச் சண்டைக்கு அறுபது வேண்டும். அந்த வாரம் பார்த்துக் குரல் கொடுப்பவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். படம் எண்களாகவே நின்றது. பேசுகிற காட்சியைப் பார்த்தே இராத ஆணையத்துக்கு இந்த எண் சமாச்சாரம் தெரியவும் தெரியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் சிறிய அரங்கில் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். நெஸ்தோரே எழுந்து, “ஒரு சின்ன விளக்கம், டொத்தோரே. இதுல குரல்…” என்று ஆரம்பித்தான்.

“முன்னாடியே விளக்குறது மஞ்சள் சட்டப்படி குத்தம்!” என்று தலைவர் அவனை உட்கார்த்தினார். விளக்கு அணைந்தது.

திரையில் புருஷன் கிண்ணத்தில் பொடியைக் கொட்டிக் கலக்கினான். பெண்டாட்டி பின்னால் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, உலகத்துப் பாசத்தையெல்லாம் குழைத்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு?” என்றாள். புருஷன் முகம் வெளிறி, “நாலு” என்றான்.

சிஞ்ஞோரா ஃபுல்வியா என் பக்கம் சாய்ந்தார். “என்னய்யா எண்ணுறாங்க?”

எனக்குத் தெரியும். நெஸ்தோரே காலையிலேயே சொல்லியிருந்தான். ஆனால் விளக்கினால் குற்றம் என்று இப்போதுதானே தலைவர் சொன்னார்? அரசு ஊழியன் நான். வாயை மூடிக்கொண்டேன்.

மாமியார் வந்தாள். வாசற்படியிலேயே ஆரம்பித்தாள், இருபத்தொன்றிலிருந்து மூச்சு விடாமல் தொண்ணூற்றாறு வரை. மச்சினன் சிரித்துக்கொண்டே “நூத்தி ரெண்டு!” என்று அவள் தோளைத் தட்டினான். பாதிரியார் வேடம் போட்டவர் கண்ணை மூடி, கை கூப்பி, “நூத்தி மூணு, நூத்தி நாலு” என்று உணவை ஆசீர்வதித்தார்.

“ஏறிக்கிட்டே போகுது,” என்றார் கையுறைப் பிரிவுத் தலைவர். குரல் கம்மியிருந்தது.

“எதுல போய் நிக்கும்?” என்றார் உபால்தோ.

“எதுல நின்னாலும் அங்கதான் சாவு,” என்று இருட்டில் யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் சாய்ந்து உட்காரவில்லை.

காபி வந்தது. பெண்டாட்டி கிண்ணத்தைத் திறந்து, கரண்டியைத் தூக்கிப் பிடித்து, பாதிரியாரைப் பார்த்துக் கேட்டாள், “நூத்தி நாப்பது?” பாதிரியார் யோசித்தார். கையை வயிற்றில் வைத்துக்கொண்டார். “நூத்தி நாப்பத்தி ஒண்ணு,” என்றார்.

“அடப்பாவி, அத்தனை கரண்டியா!” என்று சிஞ்ஞோரா ஃபுல்வியா அலறிவிட்டார். பக்கத்திலிருந்த கையுறைப் பிரிவுத் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் இருவரும் அலமாரித் தகராறு ஒன்றில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தவர்கள்.

ஆனால் பாதிரியார் கரண்டியைத் தள்ளிவிட்டு வெறுங்காபியைக் குடித்தார். அரங்கமே மூச்சு விட்டது. உபால்தோ கைதட்டினார். கிண்ணம் மச்சினனிடம் போனது. அவன் கரண்டியை நிரப்பினான், குவியலாக. கோப்பைக்கு மேல் கொண்டுபோனான். தொலைபேசி மணி அடித்தது. கரண்டியை அப்படியே கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்து போனான். புருஷனின் தாடையிலிருந்து ஒரு வியர்வைத் துளி மேசை விரிப்பில் விழுந்தது. தொலைபேசிப் பிரிவுத் தலைவர் அழுதேவிட்டார். மணி அடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விம்மினார்.

பிறகு கிண்ணம் மாமியாருக்கு முன்னால் வந்தது. அந்தம்மாள் சர்க்கரைப் பைத்தியம் என்பது பார்த்தாலே தெரியும். ஒன்று போட்டாள். இரண்டு போட்டாள். நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு மூன்றாவதும் போட்டாள். நிதானமாகக் கலக்கினாள். கோப்பையைத் தூக்கினாள். புருஷன் பாதி எழுந்து, கையை நீட்டி, “இருநூத்தி…” என்று ஆரம்பித்து நிறுத்தினான். கோப்பை உதட்டருகே போனது.

“நிறுத்துங்க! நிறுத்துய்யா அந்த மெஷினை!”

கத்தியது தலைவர் ஸ்பகாத்தோ. நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அவர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். விளக்கைப் போட்டார்கள். அந்தச் சுருள் அதோடு முடிந்திருந்தது, இன்னும் ஒரு சுருள் மிச்சம் இருந்தது.

“முடிவைப் பார்க்காம எப்படி நிராகரிக்கிறது, டொத்தோரே?” என்று கார் உபால்தோ மெதுவாகக் கேட்டார்.

“பாக்கணும்னு ஆசைப்படுறவங்க கை தூக்குங்க.”

யாரும் தூக்கவில்லை.

“நான் வேணா சொல்லிடட்டுமா? கடைசியில…” என்றான் நெஸ்தோரே. ஆறு பிரிவுத் தலைவர்களும் ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள். அரசாங்கம் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

இந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு ஸான்தே கிகோனி உள்ளே வந்தார். கடை மேலங்கியோடு, ரோஸ்மேரி வாசனையோடு. “முத்திரை விழுந்துச்சா இல்லையா? கீழ வண்டி நிக்குது. உருக்குறவன் கடைய மூடிடுவான்,” என்றபடி டப்பாக்களின் மேல் கையை வைத்தார். நெஸ்தோரே ஓடிப்போய் டப்பாக்களைக் கட்டிக்கொண்டான்.

தலைவர் மூக்கைச் சிந்தி, டையைச் சரிசெய்துகொண்டு தீர்ப்பு சொன்னார். அதை நான் அப்படியே தருகிறேன், ஏனென்றால் அவர் வாயாலேயே கேட்டால்தான் நன்றாக இருக்கும்.

“மஞ்சள் படம்ங்கிறது மரியாதை தெரிஞ்ச படம். கையுறையக் காட்டினா கொலை வருதுன்னு அர்த்தம். வயலின் கீச்சுன்னா கண்ணை மூடிக்கலாம். பூனை பாய்ஞ்சா இது பொய்ப் பயம், நிஜம் அடுத்ததுன்னு தயாராயிடலாம். அதனாலதான் இத்தனை வருஷமா யாரும் பயப்படாம மஞ்சள் படம் பாத்துட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குறாங்க. அதுக்குத்தான் இந்த ஆணையம்! இந்த ஆளு அறிவிப்பே இல்லாம பயமுறுத்துறாரு. என் இதயம் இன்னும் அடங்கல. இது திகில் படமே கிடையாது. நிராகரிக்கிறேன்.”

கிகோனி டப்பாவைத் தூக்கினார்.

“டொத்தோரே!” நான்தான். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. இடி மின்னல் பிரிவு கூட்டத்தில் பேசியது அதுதான் முதல் தடவை. “திகில் படம் இல்லேன்னா, அப்ப இது என்ன படம்? வகை எழுதாம கோப்ப மூட முடியாதுங்களே.”

தலைவர் யோசித்தார். ஒரு குடும்பம், ஞாயிற்றுக்கிழமை, மேசை, காபி, ஓயாமல் பேசுகிற மாமியார். “ஆவணப் படம்,” என்றார் கடைசியில். “ரோமானியர் இல்லங்களில் ஞாயிறு உணவுன்னு எழுதிக்கோ.”

ஆவணப் படத்துக்கு முத்திரையே வேண்டாம். அது மட்டுமல்ல, கல்வி அமைச்சகத்தின் உத்தரவுப்படி எல்லாத் திரையரங்குகளிலும் முக்கியப் படத்துக்கு முன்னால் ஆவணப் படம் காட்டியே தீர வேண்டும். கிகோனி டப்பாவைக் கீழே வைத்தார். எல்லாத் திரையரங்குகளிலும் என்றால் எவ்வளவு என்று அவர் உதடு கணக்குப் போட்டது. நெஸ்தோரே என்னைக் கட்டிக்கொண்டான்.

“ஆனா ஆவணப் படத்துல யாருக்கும் குரல் மாத்தக் கூடாது,” என்றார் தலைவர். “நிஜ மனுஷங்க பேசுறதுதான் இருக்கணும். அப்புறம், ஆணையம் பாத்த சுருள் மட்டும்தான் வெளிய போகும். பாக்காத சுருளுக்கு நாங்க பொறுப்பில்ல.”

“கடைசிச் சுருள்லதான் எல்லாம் இருக்கு, டொத்தோரே! அதுக்காகத்தான் நான் மொத்தப் படத்தையும்…”

“எல்லாத்தையும் உருக்கணுமா, இல்ல அத மட்டும் உருக்கணுமா?” என்றார் கிகோனி. நியாயமாகத்தான் கேட்டார். எலும்பையும் வீணாக்காத மனிதர்.

நெஸ்தோரே கடைசி டப்பாவைக் கையில் எடுத்தான். ரொம்ப நேரம் வைத்திருந்தான். பிறகு கொடுத்துவிட்டான்.

அடுத்த வாரம் ரோமின் தெஸ்தாச்சோ பேட்டையில் ஒரு திரையரங்கில் முதல் காட்சி. நெஸ்தோரேவும் லொரேதானாவும் கடைசி வரிசையில், நான் பக்கத்தில். முதல் எண் விழுந்ததும் ஜனம் கொல்லென்று சிரித்தது. யாரோ “லாட்டரிக்கு எழுதிக்கோடா!” என்று கத்தினான். பாதிரியாரிடம் கரண்டி நீண்டபோது சிரிப்பு நின்றது. மச்சினனின் கரண்டியின்போது முன்வரிசையில் ஒரு அம்மாள், “தொடாதடா, பாழாப்போறவனே!” என்று எழுந்து நின்றாள். மாமியார் கோப்பையை உதட்டருகே கொண்டுபோனாள். படம் முடிந்தது. விளக்கு எரிந்தது.

ஒருவரும் எழவில்லை. புகை பிடிக்கப் போகவில்லை, பூசணி விதை கொறிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முக்கியப் படம் ஓடியது. எல்லா முத்திரையும் வாங்கிய முறையான மஞ்சள் படம். கையுறை வந்தது, தொலைபேசி மூச்சு விட்டது, பூனை பாய்ந்தது. பூனையைப் பார்த்து இருட்டில் ஒருவன், “சும்மா கிட, நாங்க யோசிச்சிட்டிருக்கோம்,” என்றான். அதற்குள் பாதி ஜனம் வெளியே நடைபாதையில் நின்று, குடித்தாளா குடிக்கவில்லையா என்று சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. சில நாள் கழித்துத் தலைவர் ஸ்பகாத்தோவையும் அங்கே பார்த்தேன். தினமும் டிக்கெட் வாங்கி வருவதாகவும், மாமியார் மூன்றாவது கரண்டி போடும்போது எழுந்து போய்விடுவதாகவும் டிக்கெட் கிழிப்பவர் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெஸ்தோரே என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். லொரேதானா வாய் திறக்காமல் பரிமாறினாள். பாஸ்தாவும் மாட்டுவால் குழம்பும் முடிகிறவரை அந்த வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்தான். கடைசியில் அவள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

“நெஸ்தோ. அம்மா நடிச்சாங்களே, அவங்களக் கேட்டேன். எதுக்கு எடுத்தாங்கன்னே தெரியாது, எண்ணச் சொன்னாங்க எண்ணினேன்னுட்டாங்க. நீயே சொல்லு. குடிச்சாளா?”

“அது வந்து, லொரே…” என்றான் நெஸ்தோரே.

நிறுத்தினான். நான் வழக்கம்போல அவள் வாக்கியத்தை முடிப்பாள் என்று பார்த்தேன். அவள் முடிக்கவில்லை. வாயை லேசாகத் திறந்தபடி, கண்ணை எடுக்காமல், மேசை விரிப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நானும்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நெஸ்தோரே ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்தான். தட்டில் ஒட்டியிருந்த குழம்பை ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று துடைத்தெடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் அதை மெல்ல ஆரம்பித்தான்.